நெரேயோ என்றால் தேவநாதன் என்று நான் சொன்னது

1

இத்தாலியில் நாங்கள் இருக்கும் ஊரின் நகராட்சி வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. யாருக்கும் யாருக்கும் கல்யாணம், எந்தத் தெருவில் எப்போது பள்ளம் தோண்டுவார்கள், எந்த வீடு ஏலத்துக்கு வருகிறது, எல்லாம் அதில்தான் ஒட்டுவார்கள். இருபத்தொன்பது நாளாக என் மாமனார் பெயரும் அதில் இருக்கிறது. அவர் இத்தாலியைப் பார்த்தவர் இல்லை. தரைவழியாக அவர் போன தூரம் வடக்கே பாண்டிச்சேரி, தெற்கே சிதம்பரம், அவ்வளவுதான்.

காகிதத்தில் உள்ள சேதி இது. ஏழு வயது நெரேயோ என்னும் சிறுவனின் பெயரோடு தேவநாதன் என்ற பெயரையும் சேர்க்கும்படி அவனுடைய தந்தை விண்ணப்பித்திருக்கிறார். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

அந்தத் தந்தை நான்தான். காலையில் துறைமுகத்துக்குப் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம் நின்று பார்க்கிறேன். கையில் மீன் வாசனையோடு ஒருத்தன் தினமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வாசலில் இருக்கும் காவலாளி, “உங்களுக்கு யார் கல்யாணத்தையாவது நிறுத்த வேண்டுமா?” என்று ஒருநாள் கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன்.

இந்த ஊரில் யாரும் ஆட்சேபம் சொல்லப்போவதில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் கடலூரில் இருக்கிறான். என் மனைவி அஞ்சலையின் தம்பி சேகர். ஆனி மாதத்திலிருந்து அவன் என்னோடு பேசவில்லை.

2

நான் இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கடலூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன், வெனிஸுக்குத் தெற்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறேன். கடல் மாறியது, வேலை மாறவில்லை.

பெயர் மாறியது. என் பெயர் பழனி. அப்பா பெயர் ஆறுமுகம். பாஸ்போர்ட்டில் இரண்டும் இருந்தன. இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். எங்களுக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே! அலுவலகத்தில் இருந்த அம்மாள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வங்கியில், மருத்துவமனையில், படகில் எல்லா இடத்திலும் நான் “சிஞ்ஞோர் அருமுகம்”, அதாவது ஆறுமுகம் ஐயா. என் அப்பா வலை தைத்தே காலத்தை ஓட்டியவர். ஊரில் அவரை ஐயா என்று கூப்பிட்டவர்கள் இல்லை. செத்துப் பத்து வருஷம் கழித்து, பார்த்தே இராத ஒரு நாட்டில் எல்லாரும் அவரை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். இதை அஞ்சலையிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. “உங்கப்பா பேரு தானா வந்து ஒட்டிக்கிச்சு. எங்கப்பா பேரத்தான் வந்தும் ஒட்ட விடல நீங்க” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

3

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் அஞ்சலை நான்கு மாதக் கர்ப்பிணி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இங்கே அதுவும் விடுமுறை. கீழ்வீட்டில் இருந்த கிழவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து எங்கள் டிவியை அவரே போட்டார். திரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பெயரை வாசித்தார்கள். அவர்கள் வாசித்த விதத்தில் அது எங்கள் ஊர் என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான்கு நாள் போன் கிடைக்கவில்லை. அந்த நான்கு நாளும் அந்தக் கிழவர் தன் வீட்டுப் போனில் விடாமல் எண்ணைச் சுழற்றினார். பில் எவ்வளவு வரும் என்று கேட்டதற்குக் கையை வீசி என்னை அனுப்பிவிட்டார். ஐந்தாம் நாள் சேகர் கிடைத்தான். அவன் உயிரோடு இருந்தான். மாமனார் தேவநாதன் இல்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர். கடைசி வரைக்கும் உடம்பு கிடைக்கவில்லை.

அந்தக் கிழவர் பெயர் நெரேயோ.

மே மாதம் பையன் பிறந்தான். அஞ்சலை ஆஸ்பத்திரியில் இருந்தாள். என்ன பெயர் என்பதில் பேச்சே கிடையாது. செத்தவர் பெயர் அடுத்துப் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு, எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சேகர் போனில் அதைக் கேட்கக்கூட இல்லை. சொல்லவும் இல்லை. முடிந்த காரியம் மாதிரிதான் இருந்தது.

பத்து நாளைக்குள் பதிய வேண்டும். நகராட்சியில் படிவத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் ஒரு காட்சி வந்தது. சாயங்காலம் நான் வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிறேன்: தேவநாதா, வாடா உள்ளே. உடம்பு கிடைக்காத மனிதர் பெயர். நானோ தினமும் தண்ணீர்மேல் போகிறவன். அப்படிக் கூப்பிட்டால் வருவது யார் என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இப்போது எழுதும்போது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது. அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எதிரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. இங்கே ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதர் பெயர் போட்டிருப்பார்கள். பையன் பிறந்த மே பன்னிரண்டில் “நெரேயோ” என்று இருந்தது. கீழ்வீட்டுக் கிழவர் பெயர். நான்கு நாள் போன் சுழற்றிய கை. எழுதிவிட்டேன். படிவத்தை வாங்கிய அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “இந்தப் பெயரை இப்போது யார் வைக்கிறார்கள்? என் தாத்தா காலத்துப் பெயர்” என்றார்.

சேகர் போன் பண்ணினான்.

“அப்பா பேருதானே மாமா எழுதனீங்க?”

“ஆமா மச்சான். இங்க அத நெரேயோன்னு சொல்லுவாங்க.”

அவன் சந்தேகப்படவே இல்லை. எப்படிப் படுவான்? எங்கள் துறைமுகத்து மாதா கோயில் தெருவில் சூசை என்றால் ஜோசப், அருளப்பர் என்றால் ஜான். பெயருக்குப் பெயர் மொழிபெயர்ப்பு உண்டு என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அஞ்சலைக்கும் அதையே சொன்னேன். அவள் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பாஷை தெரியாது. வாயில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “கீழ்வீட்டுத் தாத்தா பேருல்ல! நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

4

பொய் சொன்னவன் அதோடு விட்டிருக்கலாம். அதுவாக வளர்ந்தது.

பையனுக்கு இரண்டரை வயதானபோது பிள்ளைப் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் என்ன அர்த்தம் என்று எழுதிவரச் சொன்னார்கள். அஞ்சலை நேராகக் கீழே போய் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரிடமே கேட்டுவிட்டாள். கிழவர் கையை விரித்து, தாடியைத் தடவிக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே சுட்டி, நடித்தே சொல்லியிருக்கிறார்.

நெரேயோ என்பது கிரேக்கர்களின் பழைய பெயர். ஓடும் தண்ணீர் என்ற வேரில் வந்தது என்கிறார்கள். கடலுக்கும் பூமிக்கும் பிறந்த மூத்த பிள்ளை அவர். கடல் கிழவர். ஐம்பது பெண் பிள்ளைகளோடு தண்ணீருக்கு அடியில் குடியிருப்பவர். நடக்கப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியும். வாயைத் திறந்தால் பொய் வராது. பிற்காலத்தில் அதே பெயரில் ரோமாபுரியில் ஒரு படைவீரன் இருந்தான். அரசன் சொன்னதற்காகப் பயந்து பயந்து ஆட்களைக் கொன்றவன். ஒருநாள் கேடயத்தையும் ரத்தம் காயாத ஈட்டியையும் போட்டுவிட்டுப் பாசறையை விட்டு வெளியே நடந்தான். அதற்காக அவனைக் கொன்றார்கள். மே பன்னிரண்டு அவன் நாள். இந்த வடகிழக்குக் கரையில் அப்பன் பாட்டன் காலத்தில் இந்தப் பெயர் புழங்கியிருக்கிறது. இப்போது அநேகமாகக் கிடையாது. பையனின் டீச்சர், தன் வகுப்பில் இந்தப் பெயரை முதன்முதலாகக் கூப்பிடுகிறேன் என்றார்.

அஞ்சலை மாடிக்கு வந்தாள். அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்.

“எங்கப்பாவத் தூக்கினு போனவன் பேரயா எம்புள்ளைக்கு வச்சீங்க?”

எனக்கும் அன்றுதான் அர்த்தம் தெரியும் என்றேன். அவள் நம்பினாள். அது ஒன்றும் ஆறுதலாக இல்லை. பொய்யே சொல்லாதவர் பெயரைப் பொய் சொல்லி வைத்தவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

உடனே சேகரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த வாரமே அவன் போட்டோ அனுப்பினான். நிவாரணத்தில் கிடைத்த பைபர் படகு. மூக்கில் சிவப்புப் பெயிண்ட்டில் பெரிய எழுத்து: நெரேயோ. பின்னால் அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வருஷா வருஷம் பையன் பிறந்தநாளுக்குத் திருவந்திபுரத்தில் அதே பெயருக்கு அர்ச்சனை பண்ணுகிறானாம். “பட்டருக்கு வாய்ல நுழையல மாமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன். சிதம்பரத்து நட்சத்திரம், திருவந்திபுரத்துப் பேரு. எங்கப்பனுக்குக் குடுத்துவச்சது இல்ல?” என்றான். பையன் பிறந்தது திருவாதிரை. திருவந்திபுரத்துப் பெருமாள் பெயர் தேவநாதன்.

எப்படிச் சொல்வேன்? ஐந்து வருஷம் சொல்லவில்லை. “எங்கிட்ட சொல்லச் சொல்லாதீங்க. நீங்க ஏத்தின மூட்டை, நீங்களே எறக்குங்க” என்று அஞ்சலை ஒதுங்கிவிட்டாள். ஆனால் ஒரு கெடு வைத்தாள். காதுகுத்துக்குப் பையன் தாய்மாமன் மடியில் உட்காருவதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். “உண்மை தெரியாதவன் மடியில எம்புள்ள உக்காரக் கூடாது.”

5

இந்த வருஷம்தான் எனக்கும் பையனுக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை வந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டதால் கடலூருக்குப் போக நான் விசா எடுத்தேன். படிவத்தில் “பயணத்தின் நோக்கம்” என்று ஒரு கட்டம் இருந்தது. சுற்றுலா என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் காதுகுத்து என்று எழுத வழியில்லை.

என் பயமெல்லாம் பையன்மேல்தான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச்சில் பாதி இத்தாலியன். ஆனால் தன் பெயரின் கதையை யாரிடமும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். பள்ளியில் பரிசு வாங்கிய கதை. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கே சொல்லிவிட்டான். குப்பத்தில் இறங்கிய முதல் நாள் படகில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, எழுத்துக்கூட்டி வாசித்து, அதைச் சுற்றிச் சுற்றி ஓடினான். சேகர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை முழுக்கக் காட்டினான். நான் பின்னாலேயே நடந்தேன், பையன் எப்போது வாயைத் திறப்பான் என்று பார்த்துக்கொண்டு. ஏழு வயதுப் பிள்ளையை அப்பன் வேவு பார்ப்பது எவ்வளவு கேவலம்!

காதுகுத்துக்கு முதல் நாள் சேகரும் நானும் கடுக்கன் வாங்கச் சிதம்பரம் போனோம். தாய்மாமன் சீர். போகும்போது பஸ்ஸில் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவன் வழி நெடுக ஆசாரியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். கீழவீதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. கடுக்கன் தயாராக இருந்தது. அதோடு, எனக்குத் தெரியாமல், அரைஞாணில் கோக்க ஒரு வெள்ளித் தகடும் சொல்லியிருந்தான்.

“பேரு வெட்டிடலாமா?” என்று ஆசாரி கேட்டார்.

“வெட்டுங்க. நெரேயோ. எங்கப்பா பேருதாங்க. இத்தாலில அப்படித்தான் சொல்லுவாங்களாம்” என்றான் சேகர்.

மூன்றே எழுத்து. ஆசாரி நிதானமாக வெட்டினார். ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் ஊதித் துடைத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது. மூன்றாவது எழுத்தும் முடிந்தது. சேகர் தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றேன்.

6

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவன், பக்கத்தில் நான். புதுச்சத்திரம் தாண்டியதும் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. நெரேயோ என்றால் தேவநாதன் இல்லை என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. என்ன அர்த்தம் என்றும் சொன்னேன். பாதி சொல்வது இன்னொரு பொய் என்று தோன்றியது.

அவன் கத்தவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டு போனார். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“ஊர்ல கல்லு நட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?”

தெரியும். செத்தவர்கள் பெயரையெல்லாம் வெட்டிக் கரையில் நட்ட கல். அதில் மாமனார் பெயர் இல்லை என்பதை வந்த அன்றே கவனித்திருந்தேன். உடம்பு கிடைக்காததால் விட்டுவிட்டார்கள் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

“எங்கப்பா பேர அதுல வெட்டாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். பஞ்சாயத்துல சண்ட போட்டேன். செத்தவுங்களோட சேக்காதீங்க, அந்தப் பேரு எங்கக்கா புள்ளைமேல உசுரோட இருக்குதுன்னேன்.” கடுக்கன் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். “அமாவாசைக்கு எள்ளுந்தண்ணியும் விடறப்ப வாயால சொல்றதோட சரி. எழுத்துல எங்கப்பா எங்கயுமே இல்ல. கல்லுலயும் இல்ல, படகுலயும் இல்ல, புள்ளைமேலயும் இல்ல. அப்ப எங்கதான் இருக்காரு?”

நான் மச்சான் என்று ஆரம்பித்தேன். அவன் எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டான். கடலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தான். கையில் கடுக்கன் பொட்டலம் இருந்தது.

7

மறுநாள் திருவந்திபுரம். கெடில ஆற்றங்கரையில் பையனுக்கு மொட்டை அடித்தாயிற்று. சந்தனம் பூசியாயிற்று. காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மட்டும் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேறு யாராவது உட்காரலாமே என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். அஞ்சலை அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சேகரிடம் சொல்லிவிட்டதை முதல் நாளே அவளிடம் சொன்னேன். “எப்ப சொன்னீங்க?” என்று கேட்டாள். தகடு வெட்டின பிறகு என்றதும், அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம். ஆசாரி இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். தாய்மாமன் மடி இல்லாமல் குத்தினால் அது குத்தாகிவிடும், காதுகுத்து ஆகாது. ஊர் பேசுவது ஒரு நாளில் அடங்கும். அக்காளும் தம்பியும் அதோடு முடிந்துபோவார்கள்.

சேகர் வந்தான். குளித்து, வேட்டி கட்டி, தட்டோடு வந்தான். என்னைத் தாண்டிப் போனான். பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினான். பையன் ஓடிப்போய் உட்கார்ந்தான்.

“மாமா, வலிக்குமா?”

“வலிக்கும். மாமா பொய் சொல்ல மாட்டேன்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு சன்னதியில் பட்டர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். சேகர்தான் தட்டைப் பிடித்திருந்தான். எந்தப் பெயர் வரும் என்று எனக்கும் அஞ்சலைக்கும் மட்டும்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது.

“திருவாதிரை. நெரேயோ” என்றான்.

வெளியே வந்ததும் அக்காளிடம் சொன்னானாம்: “ஏழு வருசமா சாமி காதுல இந்தப் பேரத்தான் போட்டிருக்கேன். இப்ப மாத்தினா சாமி எந்தப் புள்ளையத் தேடும்?” தகட்டை மட்டும் கட்டவில்லை. அவள் கையில் கொடுத்துவிட்டான். நாங்கள் கிளம்பும் நாளில் பையனை அணைத்துக்கொண்டு அழுதான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

8

திரும்பி வந்த மறுவாரமே விண்ணப்பம் போட்டேன். மாவட்ட அலுவலகம், அங்கிருந்து நகராட்சி, மறுபடியும் மாவட்ட அலுவலகம். காரணம் என்ன என்று கேட்ட கட்டத்தில், பிறப்பு பதியும்போது தந்தை செய்த தவறு என்று எழுதினேன். குமாஸ்தா, “இப்படி எழுதினால் உங்கள்மேல் கேள்வி வரும். குடும்ப வழக்கம் என்று எழுதுங்கள்” என்று நல்ல மனதோடு சொன்னார். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேகர் போன் பண்ணுவான். அக்காளோடு பேசுவான், பையனோடு பேசுவான், வைத்துவிடுவான். பலகையில் ஒட்டியதை நான் சொல்லவில்லை. அஞ்சலையும் சொல்லவில்லை. மூட்டை என்னுடையது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்குப் போனில் பையன்தான் அவனிடம் சொன்னான். பள்ளிக்குப் போகிற வழியில் தன் இரண்டு பெயரும் கண்ணாடிக்குள் இருப்பதாகவும், வேண்டாம் என்கிறவர்கள் வந்து சொல்லலாம் என்றும், நாளைக்குக் கடைசி நாள் என்றும் பாதித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு பையன் போனை என்னிடம் நீட்டினான். “மாமா உன்னைக் கேக்குது.”

ஐந்து மாதம் கழித்துக் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தமும் அதற்குப் பின்னால் கடல் சத்தமும் கேட்டன.

“இன்னா எழுதிருக்குது அதுல?”

வாசித்த மாதிரியே வரி வரியாகச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். தந்தை செய்த தவறு.

“யாராவது வந்து வேணாம்னாங்களா?”

“இதுவரைக்கும் இல்ல மச்சான். சொல்றதா இருந்தா நீதான் சொல்லணும்.”

அவன் அடுத்ததைக் கேட்டான்.

“எல்லாரும் பாக்கற எடமா?”

“நகராட்சி வாசல். போறவங்க வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க.”

“நாளைக்கு அந்தக் காகிதத்த இன்னா பண்ணுவாங்க?”

எடுத்துக் கிழித்துப் போடுவார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அதனால், தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று உடனே திருத்திக்கொண்டேன்.

“கிழிக்க வுடாதீங்க” என்றான். “போயி நின்னு கேட்டு வாங்கியாந்து எனக்கு அனுப்புங்க, மாமா.”

நாளைக்குப் படகுக்குப் போகவில்லை. பலகையின் கண்ணாடிக் கதவைத் திறக்கும் நேரம் எட்டரை. அதற்கு முன்னாலேயே அங்கே இருப்பேன்.